முத்திரைத்தாளில் கிடைத்த நிலம்: மெக்சிகோ ஆட்சியில் டெக்சஸின் முதல் குடியேறிகள்

1821 முதல் 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவின் ஆட்சியில் இருந்தது. அப்போது அங்கே குடியேறிய அமெரிக்கக் குடும்பங்களுக்கு 4,000 ஏக்கருக்கு மேல் நிலம் ஏறக்குறைய இலவசமாகவே கிடைத்திருக்கும்போது, அவர்கள் பட்டதாகச் சொல்லப்படும் துன்பங்கள் மிகையா, அவர்களுடைய அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்பது கேள்வி. துன்பம் மிகையில்லை என்றே சொல்வேன். நிலம் மலிவாகக் கிடைத்தது உண்மைதான். ஆனால் அந்த நிலத்தில் வாழத் தேவையான உப்பு, இரும்பு, வெடிமருந்து, சந்தை, நீதிமன்றம், பாதிரியார், மருத்துவர் ஆகிய எல்லாமே வெகுதொலைவில் இருந்தன. அரசும் அத்தொலைவிலேயே இருந்தது. அதன் சட்டங்கள் முத்திரைத்தாளில் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. அவற்றை நடைமுறைப்படுத்த ஆட்கள்தான் இல்லை. குடியேறிகளின் சுதந்திரம், கஷ்டம், அவர்கள் பிறருக்குச் செய்த அநீதி ஆகிய மூன்றுமே பெருமளவு இந்த இடைவெளியிலிருந்து வந்தவை என்பது என் கருத்து.

முதலில், அவர்கள் ஏன் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1819-இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து, பருத்தியின் விலை வீழ்ந்து, கடன் வாங்கி நிலம் வாங்கியிருந்த ஏராளமான உழவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். 1820-இல் அமெரிக்க அரசு நிலத்தைக் கடனுக்கு விற்பதையே நிறுத்திவிட்டது. ஏக்கருக்கு 1.25 டாலர் என்ற கணக்கில், குறைந்தது 80 ஏக்கருக்கு, 100 டாலரை ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். எல்லைக்கு அப்பால் மெக்சிகோவோ, மேய்ச்சலுக்கு ஒரு லீக், அதாவது 4,428 ஏக்கரும், பயிர் செய்ய ஒரு லபோர், அதாவது 177 ஏக்கரும் ஒரு குடும்பத்துக்குத் தர முன்வந்தது. மெக்சிகோவில் டெக்சஸும் அடங்கியிருந்த கோவஹுயிலா–டெக்சஸ் மாநிலம் 1825-இல் இயற்றிய குடியேற்றச் சட்டப்படி ஒரு லீக்குக்கு மாநிலத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை 30 டாலர் மட்டுமே. அதையும் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தலாம். அளவைக் கூலி, ஆணையர் கட்டணம், முத்திரைத்தாள் செலவு ஆகியவை தனி. இதற்கு மேல், பழைய கடன்காரர்கள் இங்கே கொடுக்கப்பட்ட நிலத்தையும் தொழிற்கருவிகளையும் பறிக்கக்கூடாது என்று 1829-இல் மாநிலம் ஒரு சட்டமும் செய்தது. ஊரில் கடனாளியாகத் தலைகுனிந்து நின்ற மனிதனுக்கு இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்?

ஆனால் அந்த அழைப்பு கையில் பட்டாவாக மாறுவதற்குள் பலருடைய பொறுமை சோதிக்கப்பட்டது. 300 குடும்பங்களைக் குடியேற்ற 1821 ஜனவரியில் அனுமதி பெற்றவர் மோசஸ் ஆஸ்டின். அனுமதி கொடுத்தது ஸ்பானிய அரசு. ஜூன் மாதத்தில் அவர் இறந்துவிட, மகன் ஸ்டீபன் எஃப். ஆஸ்டின் பொறுப்பேற்றார். சில மாதங்களில் மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. பழைய அரசு கொடுத்த அனுமதியைப் புதிய அரசிடம் உறுதி செய்துகொள்ள 1822 ஏப்ரலில் மெக்சிகோ நகரத்துக்குப் போன ஸ்டீபன் ஆஸ்டின், ஓராண்டு அங்கேயே தங்க நேர்ந்தது. விடுதலை பெற்ற மெக்சிகோவின் பேரரசர் இதுர்பிதே 1823 ஜனவரியில் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மார்ச்சில் அவரே அரியணை துறந்தார். அதன் பிறகு நாடாளுமன்றம் ஏப்ரலில் மீண்டும் அனுமதியை உறுதி செய்தது. இந்த நாட்களில் பிரசோஸ், கொலராடோ ஆற்றங்கரைகளில் குடிசை போட்டிருந்த குடும்பங்களுக்குத் தாங்கள் உழும் மண் தங்களுக்குச் சொந்தமா என்பதே தெரியாது. பலர் மனம் வெறுத்துத் திரும்பிவிட்டார்கள்.

தங்கிவிட்டவர்களுக்கு 1824 கோடையில் நில ஆணையர் பாஸ்திரோப் பிரபு நேரில் வந்து பட்டா வழங்கினார். நிலத்தை ஒப்படைக்கும் அந்தச் சடங்கு பார்க்கத்தக்கது. அளவையர் வாரா என்னும் ஸ்பானிய அளவில் எல்லைகளை அளந்து குறித்திருப்பார். பக்கத்து நிலத்துக்காரர்கள் சாட்சியாக நிற்க, ஆணையர் குடியேறியை அவருக்குரிய நிலத்துக்குள் அழைத்துச் சென்று, நாட்டின் பெயரால் இந்த நிலம் உனக்கும் உன் வாரிசுகளுக்கும் உரியது என்று அறிவிப்பார். குடியேறி உரக்கக் குரல் கொடுத்து, புல்லைப் பிடுங்கி, கல்லை எறிந்து, முளைக்குச்சி அடித்துத் தன் உடைமையை உலகறியச் செய்ய வேண்டும். பிறகு இவையெல்லாம் நடந்தேறின என்று முத்திரைத்தாளில் ஸ்பானிய மொழியில் எழுதப்படும். அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் குடியேறிகளில் மிகச் சிலரே. இரண்டு ஆண்டுகளுக்குள் பயிரிட வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும், மெக்சிகோவுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு இப்படித்தான் அவர்கள் கட்டுப்பட்டார்கள். 297 பேர் இவ்வாறு நிலம் பெற்றார்கள். 'பழைய முந்நூறு' என்று டெக்சஸ் வரலாறு அவர்களைக் குறிக்கிறது.

பட்டாவுக்கு முந்தைய அந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான் மிகக் கொடியவை. 1821 நவம்பரில் 'லைவ்லி' என்ற சிறு பாய்மரக் கப்பல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆட்களோடும் விதை, கருவி, உணவோடும் புறப்பட்டது. கொலராடோ ஆற்று முகத்துவாரத்தில் ஆஸ்டின் காத்துக்கொண்டிருக்க, கப்பல் தவறுதலாக பிரசோஸ் முகத்துவாரத்தில் ஆட்களை இறக்கிவிட்டது. ஒருவரையொருவர் சந்திக்கவே முடியவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் பசியும் சலிப்பும் தாளாமல் அமெரிக்காவுக்கே திரும்பினார்கள். கலப்பையும் உழவு மாடும் இல்லாதவர்கள் ஆற்றோரத்தில் அடர்ந்து நின்ற நாணற்காட்டை எரித்து, சாம்பல் படிந்த மண்ணில் கூர்மையான குச்சியால் குழி போட்டு மக்காச்சோளம் ஊன்றினார்கள். 1822-இல் மழை பொய்த்தது, ஊன்றியது விளையவில்லை. மான் கிடைத்தபோது மானை உண்டார்கள். மான் இளைத்துப்போன காலத்தில் காட்டுக் குதிரையைக் கொன்று தின்றார்கள். ரொட்டி என்பதையே கண்ணால் காணாமல் மாதக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. உலர்த்திய மானிறைச்சியைக் காட்டுத்தேனில் தோய்த்து உண்பது விருந்தாளிக்குக் கொடுக்கத்தக்க உணவாக இருந்தது.

வீடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மரத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளியைக் களிமண்ணால் அடைத்து, மரச்சில்லுகளால் கூரை வேய்ந்து, குச்சியும் மண்ணும் குழைத்துப் புகைபோக்கி எழுப்பிய ஒற்றை அறைதான் பெரும்பாலோரின் வீடு. தரை வெறும் மண் அல்லது பிளந்த மரம். வசதி வந்தபின் இன்னொரு அறையைச் சற்றுத் தள்ளிக் கட்டி, இரண்டுக்கும் நடுவில் காற்றோட்டமான நடையை விட்டு ஒரே கூரையால் மூடினார்கள். கோடையில் குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் அந்த நடையில்தான் நடந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. ஆணியும் அரிது என்பதால் மர முளைகளே ஆணியாயின.

உணவின் மையம் மக்காச்சோளம். மாவரைக்கும் ஆலை இல்லாத ஊரில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைக் குடைந்து உரலாக்கி, கட்டையை உலக்கையாக்கி, அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றே இடித்தார்கள். இரும்புக் கைத்திரிகை வைத்திருந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோளத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காப்பிக்கொட்டை கிடைக்காதபோது வறுத்த சோளத்தைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். 1828-இல் எல்லையை ஆய்வு செய்ய ஜெனரல் மானுவேல் தே மியேர் இ தெரான் தலைமையில் மெக்சிகோ அனுப்பிய குழுவில் ஹோசே மரியா சாஞ்சேஸ் என்ற வரைபடக் கலைஞர் இருந்தார். குடியேற்றத்தின் தலைநகரான சான் ஃபெலிப்பே தே ஆஸ்டின் அப்போது எப்படி இருந்தது என்பதை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒழுங்கான தெருக்களாக அமையாமல் சிதறிக் கிடந்த 40, 50 மரவீடுகள். ஏறக்குறைய 200 பேர், அவர்களில் மெக்சிகோக்காரர்கள் பத்துப்பேர்தான். இரண்டே இரண்டு சிறு கடைகள். ஒன்றில் விஸ்கி, ரம், சர்க்கரை, காப்பி. மற்றதில் அரிசி, மாவு, பன்றிக்கொழுப்பு, மலிவான துணி. அங்கிருந்த அமெரிக்கர்கள் உப்பிட்ட இறைச்சி, தாங்களே செய்யும் சோளரொட்டி, காப்பி, வீட்டுப் பாலாடைக்கட்டி ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் உண்பதில்லை என்று அவர் கண்டார். சாஞ்சேஸுக்குக் குடியேறிகள் மீது நல்லெண்ணம் கிடையாது. அவருடைய குறிப்புகளை அந்த நினைவோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் கடையில் என்ன இருந்தது என்பதில் அவர் பொய் சொல்லக் காரணமில்லை.

டெக்சஸ் ஆண்களுக்கும் நாய்களுக்கும் சொர்க்கம், பெண்களுக்கும் எருதுகளுக்கும் நரகம் என்று அக்காலத்தில் ஒரு சொல் வழங்கியது. வேட்டை, குதிரை, நில அளவை, அரசியல் என்று ஆண்கள் வெளியே சுற்றிவர முடிந்தது. பெண்ணோ சோளம் இடித்து, சாம்பல் நீரையும் கொழுப்பையும் காய்ச்சிச் சோப்பு செய்து, கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி வார்த்து, பஞ்சைக் கையால் கொட்டை நீக்கி நூற்று நெய்து, மான் தோலைப் பதப்படுத்திக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் உடுப்பு தைத்து, இவற்றுக்கிடையில் மருத்துவச்சி இல்லாத காட்டில் பிள்ளை பெற வேண்டும். 1823-இல் கணவருடன் வந்த மேரி ராப் தன் முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பில் ஒரு செய்தி வருகிறது. கணவர் வெளியூர் போய்விட, கைக்குழந்தையுடன் தனியே இருந்த இரவுகளில், வீட்டைச் சுற்றி நடமாடும் பூர்வகுடியினரின் ஓசை காதில் விழாமல் இருக்க அவர் ராட்டையை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தாராம். போர்களின் பட்டியலைவிட அந்த ராட்டைச் சத்தம் எல்லைப்புற வாழ்வின் அச்சத்தை எனக்கு நன்றாகப் புரியவைக்கிறது. 1821-22 குளிர்காலத்தில், திரும்பி வராத கணவருக்காக டெக்சஸ் கடற்கரையிலுள்ள பொலிவர் முனையில் காத்திருந்த ஜேன் லாங், கியான் என்ற அடிமைச் சிறுமியைத் தவிர வேறு துணையின்றிப் பிள்ளை பெற்றதும் இதே கதைதான்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் மெக்சிகோவின் சட்டம் பெண்களுக்கு அமெரிக்கச் சட்டத்தைவிட மேலானதாக இருந்தது. அமெரிக்காவில் அன்று நிலவிய ஆங்கிலப் பொதுச்சட்டப்படி, மணமான பெண்ணின் சொத்து கணவனின் ஆளுகைக்குள் போய்விடும். ஸ்பானிய மரபுச் சட்டப்படியோ, அவள் கொண்டுவந்த சொத்து அவளுடையது. மணவாழ்வில் சேர்த்ததில் பாதி அவளுடையது. குடும்பத் தலைவியான விதவைக்குத் தன் பெயரிலேயே நிலம் கிடைத்தது. ஜேன் லாங் பின்னர் அப்படித்தான் ஒரு லீக் பெற்றார்.

கையில் பணம் என்பது அபூர்வம். மாட்டுத்தோல், மான்தோல், கோவேறு கழுதை, சோளம், பருத்தி ஆகியவையே பணமாகப் புழங்கின. நிலம் அளந்தவருக்கே நிலத்தில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்தவர்கள் உண்டு. 1823-லிருந்து ஏழு ஆண்டுகளுக்குக் குடியேறிகள் தங்கள் தேவைக்குக் கொண்டுவரும் பொருட்களுக்குச் சுங்கம் இல்லை. மெக்சிகோவின் உள்நாட்டுச் சந்தைக்குப் போகப் பாதையே இல்லாதபோது, கடல்வழியே சில நாட்களில் எட்டிவிடக்கூடிய நியூ ஆர்லியன்ஸ்தான் அவர்களுடைய சந்தையாகியது. பருத்தியும் தோலும் அங்கே போயின. உப்பு, காப்பி, இரும்பு, துணி, துப்பாக்கிமருந்து அங்கிருந்து வந்தன. ஆட்சி மெக்சிகோவிடம், வாணிகம் அமெரிக்காவிடம் என்ற இந்த நிலை ஆரம்பத்திலேயே அமைந்துவிட்டது.

அந்தப் பருத்தியை யார் விளைவித்தார்கள் என்று கேட்காமல் இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. 1825 கணக்கெடுப்பின்படி ஆஸ்டின் குடியேற்றத்தில் 1,790 பேர் இருந்தார்கள். அவர்களில் 443 பேர் அடிமைகள். 1822-இல் வந்த ஜாரெட் க்ரோஸ் ஏறக்குறைய 90 அடிமைகளைக் கொண்டுவந்தார். அந்த எண்ணிக்கையைக் காரணம் காட்டியே அவருக்குப் பத்து லீக், அதாவது 44,000 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுக்கப்பட்டது. நாணற்காட்டை வெட்டியதும், பிரசோஸ் கரையில் முதல் பெரிய பருத்தித் தோட்டத்தை உருவாக்கியதும் அந்த மனிதர்களின் கைகளே. 'குடியேறிகள் காட்டைத் திருத்தினார்கள்' என்று எழுதும்போது அந்தக் கைகள் எளிதில் மறைந்துவிடுகின்றன.

மெக்சிகோவோ அடிமைமுறையை ஒழிக்க விரும்பிய நாடு. 1823-ஆம் ஆண்டின் சட்டம் அடிமை வாணிகத்தைத் தடுத்தது. மண்ணில் பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகளுக்கு 14 வயதில் விடுதலை என்றது. 1827-இல் மாநில அரசியலமைப்பு இன்னும் கடுமையாகி, இனி யாரும் அடிமையாகப் பிறப்பதில்லை, ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக்கூடாது என்றது. குடியேறிகள் இதற்கு ஒரு மாற்றுவழி கண்டார்கள். எல்லை தாண்டும் முன், அமெரிக்காவிலேயே ஒரு எழுத்தர் முன்னால் அடிமையை நிறுத்தி, அவருக்கு ஒரு விலை குறித்து, அந்தத் தொகையைத் தன் உழைப்பால் அடைக்கும் வரை எசமானிடம் பணிசெய்ய அவர் 'சம்மதிப்பதாக' ஒப்பந்தம் எழுதுவார்கள். ஆண்டுக் கூலி மிகச் சொற்பமாக நிர்ணயிக்கப்படும். உணவும் உடையும் அதில் கழிக்கப்படும். 99 ஆண்டுகளுக்கு எழுதப்பட்ட ஒப்பந்தங்களும் உண்டு. பிறக்கும் பிள்ளைகளும் அதில் கட்டுண்டார்கள். 1828-இல் மாநிலம் இத்தகைய ஒப்பந்தங்களைச் சட்டப்படி செல்லும் என ஏற்றது. இந்த மசோதாவுக்கு உதவியவர் சான் அந்தோனியோவைச் சேர்ந்த ஹோசே அந்தோனியோ நவார்ரோ. பருத்தி வாணிகம் வளர்வது அங்குள்ள மெக்சிகோச் செல்வர்களுக்கும் நலமாக இருந்தது. 1829 செப்டம்பர் 15 அன்று குடியரசுத் தலைவர் விசென்டே கெர்ரேரோ அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்து ஆணையிட்டார். சான் அந்தோனியோ அதிகாரிகள் அந்த ஆணையை வெளியிடாமலே நிறுத்திவைத்தார்கள். டிசம்பரில் டெக்சஸுக்கு விலக்கு வந்துவிட்டது. 1832-இல் ஒப்பந்தங்களுக்குப் பத்தாண்டு உச்சவரம்பு விதிக்கப்பட்டபோதும், அதைப் போய்ச் சோதிக்க யாரும் இல்லை. தொலைவிலிருந்த அரசின் நல்ல சட்டத்தால் அந்த மனிதர்களுக்கு எந்தப் பயனும் ஏற்படவில்லை.

நீதி நிர்வாகமும் தொலைவின் கதைதான். தொடக்கத்தில் ஆஸ்டினே நீதிபதி, படைத்தலைவர், நில அலுவலர் எல்லாமாக இருந்தார். குற்றவியல், உரிமையியல் விதிகளை அவரே எழுதினார். 1828-இல் சான் ஃபெலிப்பேயில் நகரசபை அமைந்து, அல்கால்டே என்னும் தலைவர் வழக்குகளை விசாரிக்கத் தொடங்கினார். ஆனால் பெரிய வழக்கென்றால் கோப்பு ஸ்பானிய மொழியில் எழுதப்பட்டு, நூற்றுக்கணக்கான மைல் தாண்டி மாநிலத் தலைநகரான சால்டியோவுக்குப் போக வேண்டும். சிறைக்கட்டடம்கூட இல்லாத ஊரில் குற்றவாளியை அத்தனை காலம் எங்கே வைத்திருப்பது? அபராதமும் கசையடியும் ஊர்விலக்கும் வழக்கமாயின. 1834-இல்தான் மாநிலம் ஆங்கிலத்தையும் அலுவல் மொழியாக ஏற்று, நடுவர் குழு விசாரணைக்கு வழி செய்தது.

சமயத்தில் இந்த இடைவெளி மிக விசித்திரமாக வெளிப்பட்டது. கத்தோலிக்கம் மட்டுமே சட்டம் ஏற்ற சமயம். குடியேறிகளில் பெரும்பாலோர் பிராட்டஸ்டண்டுகள். ஆனால் அவர்களை மதம் மாற்றவோ, கண்காணிக்கவோ, திருமணம் செய்துவைக்கவோ பாதிரியாரே இல்லை. பாதிரியார் நடத்தாத திருமணம் சட்டப்படி செல்லாது. எனவே மணமக்கள் அல்கால்டே முன்னிலையில், பாதிரியார் வந்ததும் முறைப்படி மணம் செய்துகொள்வோம், தவறினால் இவ்வளவு தொகை தண்டம் கொடுப்போம் என்று பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டுக் குடும்பம் நடத்தத் தொடங்குவார்கள். பாதிரியார் வரச் சில ஆண்டுகள் ஆகும். இடையில் மனக்கசப்பு வந்து, இருவரும் சம்மதித்துப் பத்திரத்தைக் கிழித்துப்போட்டுப் பிரிந்தவர்களும் இருந்தார்கள். 1831-இல் அயர்லாந்தில் பிறந்த மைக்கேல் மல்டூன் என்ற பாதிரியார் வந்து, பிள்ளைகளைக் கையில் வைத்திருந்த தம்பதியரைக் கூட்டம் கூட்டமாக மணமுடித்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் கொடுத்தார். இணக்கமான மனிதர், பெயருக்குக் கத்தோலிக்கரானால் போதும் என்று விட்டுவிட்டார். அவருடைய பெயரால் 'மல்டூன் கத்தோலிக்கர்' என்றே அவர்கள் அழைக்கப்பட்டார்கள். 1829-இல் தாமஸ் பில்க்ரிம் சான் ஃபெலிப்பேயில் ஞாயிறு பள்ளி நடத்தியதும் சட்டத்துக்குப் புறம்புதான். நிலத்துக்காகத் தன் நம்பிக்கையைப் பொய்யாகச் சொல்ல நேர்ந்தது பக்தியுள்ள குடும்பங்களுக்கு உண்மையான மனவேதனையாக இருந்திருக்கும். 1834-இல் சமயக் கருத்துக்காக எவரையும் துன்புறுத்தக்கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தபிறகே அது தணிந்தது.

நோயைப் பொறுத்தவரை, ஆற்றோர வளமான மண்ணுக்கு அவர்கள் கொடுத்த விலை மலேரியா என்னும் முறைக்காய்ச்சல். கோடையின் பிற்பகுதியில் குடும்பம் முழுவதும் நடுக்கத்தில் படுத்துவிட, வயலில் பயிர் கேட்பாரற்றுக் கிடக்கும். கொசுதான் காரணம் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. சதுப்பின் கெட்ட காற்று என்றே நம்பினார்கள். 1833 மிக மோசமான ஆண்டு. பிரசோஸில் பெருவெள்ளம் வந்து வயல்களை அழித்தது. அதையொட்டி வந்த காலரா பிரசோரியா போன்ற ஊர்களைச் சூறையாடியது.

பூர்வகுடிகளுடனான உறவைக் குடியேறிகளின் 'சவால்' என்று மட்டும் எழுதுவது ஒருபக்கப் பார்வை. ஆஸ்டினுக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தின் கடலோரம் கரங்கவா மக்களின் வாழிடம். மீன், சிப்பி, மான் என்று பருவத்துக்கேற்ப அவர்கள் இடம்பெயர்ந்து வாழ்ந்த பரப்பு. அங்கே இறக்கிவைக்கப்பட்ட பொருட்களை அவர்கள் எடுத்துக்கொண்டதும், காவலர்களைக் கொன்றதும் நடந்தன. 1823-இல் ஸ்கல் ஓடையருகே அவர்களுடைய முகாமைக் குடியேறிகள் திடீரெனத் தாக்கிப் பலரைக் கொன்றதும் நடந்தது. அதே ஆண்டில்தான் எல்லையில் ரோந்து சுற்றப் பத்துப்பேர் கொண்ட குழுவை அமைக்க ஆஸ்டின் எண்ணினார். 1827-இல் ஏற்பட்ட உடன்படிக்கை கரங்கவாக்களை அவர்களுடைய மண்ணிலிருந்து மேற்கே ஒதுக்கியது. சில பத்தாண்டுகளில் அவர்கள் தனி இனமாக இல்லாமலே போனார்கள். இன்னொரு பூர்வகுடியினரான டோங்கவாக்களோடு குதிரைத் திருட்டு, சோளத் திருட்டு என்ற அளவில் பூசலும் நட்பும் மாறி மாறி இருந்தன. மேற்கே, ஆஸ்டினைப் போலவே குடும்பங்களைக் குடியேற்ற அனுமதி பெற்ற டிவிட் என்பவருடைய குடியேற்றத்தின் நிலை வேறு: 1825-இல் தொடங்கிய கொன்சாலஸ் ஊர் அடுத்த ஆண்டே தாக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. திரும்பி வந்தவர்களுக்கு 1831-இல் தற்காப்புக்காக ஒரு பீரங்கியை மெக்சிகோ அதிகாரிகளே கொடுத்தார்கள். அந்தப் பீரங்கியைத் திருப்பிக் கேட்டபோதுதான் 1835 அக்டோபர் 2 அன்று டெக்சஸ் கிளர்ச்சியின் முதல் துப்பாக்கி வெடித்தது.

அந்த நிலைக்கு வந்தது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சான் அந்தோனியோவிலிருந்து கிழக்கே போகப் போக மெக்சிகோவின் செல்வாக்கு மங்கி இல்லாமலே ஆகிவிடுவதை ஜெனரல் தெரான் 1828-இல் கண்டு, அஞ்சி எழுதினார். அதன் விளைவாக வந்தது 1830 ஏப்ரல் 6 சட்டம். அமெரிக்காவிலிருந்து புதிய குடியேற்றம் தடுக்கப்பட்டது. கோட்டைகளும் சுங்கச்சாவடிகளும் எழுந்தன. பத்தாண்டுகளாகத் தொலைவில் இருந்த அரசு திடீரெனச் சுங்க அலுவலராகவும் சிப்பாயாகவும் வாசலில் வந்து நின்றது. உறவினர்களை அழைத்துவரக் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். சட்டத்தை மீறி வருவோரின் கூட்டமோ நிற்கவில்லை. தனி மாநிலம் கேட்டு மெக்சிகோ நகரம் போன ஆஸ்டின் 1834 ஜனவரியில் கைதானார். 1836 வசந்தத்தில், கிளர்ச்சியை அடக்க வந்த மெக்சிகோக் குடியரசுத் தலைவர் சாந்தா அன்னாவின் படைக்கு அஞ்சி, குடியேறிகள் மழையிலும் சேற்றிலும் கிழக்கே ஓடினார்கள். சான் ஃபெலிப்பே தீக்கிரையாயிற்று.

அந்தப் படையை வென்று மெக்சிகோவிலிருந்து பிரிந்த டெக்சஸ் குடியரசின் அரசியலமைப்பு அடிமைமுறையை வெளிப்படையாகவே சட்டமாக்கியது. சுதந்திரமான கறுப்பினத்தவர் நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி அங்கே வாழக்கூடாது என்றது. அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று, 1831-இல் ஆஸ்டின் குடியேற்றத்துக்கு வந்து, மெக்சிகோவிடமிருந்து கால் லீக் நிலம் பெற்றவர் கிரீன்பரி லோகன் என்ற கொல்லர். 1835-இல் சான் அந்தோனியோ முற்றுகையில் டெக்சஸுக்காகப் போரிட்டுப் படுகாயமடைந்த அவர், தான் இரத்தம் சிந்திய நாட்டில் தொடர்ந்து வாழ 1837-இல் மனுப்போட வேண்டியதாயிற்று. அதே குடியரசு, மெக்சிகோச் சட்டத்தில் தனக்குப் பயன்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டது. கடனுக்காக நிலத்தையும் கருவியையும் பறிக்கக்கூடாது என்ற 1829 விதியின் வழியில் 1839-இல் ஒரு சட்டம் இயற்றியது. 1840-இல் ஆங்கிலப் பொதுச்சட்டத்தை ஏற்றபோதும், கணவன் மனைவி இருவருக்கும் சொத்தில் சமபங்கு என்ற ஸ்பானிய விதியை விலக்கி வைக்கவில்லை. டெக்சஸில் அது இன்றும் சட்டம்.